வேதியியல் படித்த மகளுக்கு வேலை எங்கே?

கேள்வி: மகள் வேதியியல் பட்டம் முடித்து எட்டு மாதமாகிறது. ஆசிரியர் வேலையைத் தவிர எங்களுக்கு வேறு தெரியவில்லை. பட்டணத்து ஏஜெண்டு ஒருவர் 3,000 வெள்ளி கட்டினால் சிங்கப்பூர் ஆய்வகத்தில் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார். கட்டலாமா?
– செம்பனைக் குலை வெட்டும் தந்தை, ஊத்தான் மெலிந்தாங், மலேசியா

கட்டாதீர்கள் ஐயா. சிங்கப்பூர் வேலை அனுமதிக்கு அங்குள்ள முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டும். அந்த முதலாளி யார், ஏஜெண்டிடம் தொழிலாளர் இலாகாவின் உரிமம் உண்டா என்று கேளுங்கள். "நாளைக்குக் காட்டுகிறேன்" என்பார். அந்த நாளை வராது. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் என்ற வேலை தேடும் தளத்தில் பதிய ஒரு காசு வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். வெட்டிய குலை ரோட்டோரம் கிடந்தால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஏன் கத்துகிறார்? நசுங்கிய பழத்தில் அமிலம் ஏறும். கச்சா செம்பனை எண்ணெயில் (பாமாயிலில்) அது 5 விழுக்காட்டைத் தாண்டினால் விலையில் பிடித்துக்கொள்வார்கள். அதை அளப்பது ஆலைக்குள் இருக்கும் ஆய்வகம். ஆனால் அந்த வேலைக்கு ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்தவரை வைத்தே சமாளிக்கும் ஆலைகள் உண்டு. உங்கள் மகள் பார்க்க வேண்டியது ஆலைக்குப் பின்னால் நாறும் கழிவுநீர்க் குளங்கள்! 1977 முதல் அதற்குத் தனி விதிமுறைகள் இருக்கின்றன. குளத்தைக் கவனிக்கத் தகுதிச் சான்று பெற்ற ஆள் வேண்டும். பயிற்சி தருவது சுற்றுச்சூழல் இலாகாவின் கழகம். "முதலில் கோர்ஸ், அப்புறம் வேலை" என்று பணம் கேட்டு வருபவர் யாரானாலும் கதவைச் சாத்துங்கள்.

கிள்ளான் துறைமுகத்தில் கப்பலேறும் எண்ணெயைச் சோதிக்கும் சர்வேயர் நிறுவனங்கள், கையுறைத் தொழிற்சாலைகள் என்று இன்னும் உண்டு.

ஒன்றை மட்டும் விளக்கமாகச் சொல்ல வேண்டும். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேதியியலாளராகத் தொழில் செய்ய ஐ.கே.எம். என்ற மலேசிய வேதியியல் கழகத்தில் பதிந்திருக்க வேண்டும். பட்டத்தின் பெயரில் 'வேதி' என்று வந்தால் மட்டும் போதாது. உயிர்வேதியியல் போன்ற பட்டமா? அப்படியானால் என்னென்ன பாடம் எடுத்தார் என்பதுதான் பேச்சு. ஆகவே பட்டச் சான்றிதழை மட்டும் நீட்டாமல், பாடவாரியான மதிப்பெண் பட்டியலையும் ஐ.கே.எம்.முக்கு அனுப்பி, ஏற்பார்களா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் உதவாது. இதையெல்லாம் படிக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது பல்கலைக்கழகம். அங்கே பட்டமளிப்பு அங்கி வாடகைக்குக் கொடுக்கத்தான் ஆள் இருக்கிறார்கள்.

குலை ஏற்றும் லாரி டிரைவரிடம் ஆலை மேலாளர் யார் என்று விசாரித்து வையுங்கள். அவரிடம் வேலை கேட்கும் கடிதத்தை மகள் எழுதட்டும், மலாயில்.