கான்பெரா குண்டுவீச்சு விமானத்தில் வேலை செய்தவர்கள் இன்றும் அதைப் பற்றியே பேசுவது ஏன்?

வீட்டுக்கொருவர் படைக்குப் போவது வழக்கமாகிவிட்ட, வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையிலிருந்து விமானப்படையில் சேர்ந்து, கான்பெராவின் எஞ்சின் பிரிவில் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். இந்திய விமானப்படையில் அது 1957 முதல் 2007 வரை ஐம்பது ஆண்டுகள் பறந்தது. 1961 டிசம்பரில் கோவாவின் தபோலிம் ஓடுதளத்தின்மீது குண்டு வீசியதும் அதுதான்.

ஆனால் எங்களைக் கட்டிப்போட்டது அந்தப் போர்ப்புகழ் அன்று, அதன் எஞ்சின் உயிர்பெறும் விதம். இரண்டு ஏவான் எஞ்சின்களையும் கிளப்பத் தோட்டாதான்: வெடிமருந்து எரிந்து சீறும் வாயு ஒரு சிறு சுழலியைச் சுழற்ற, அந்தச் சுழலி எஞ்சினைத் தானே ஓடும் வேகத்துக்கு இழுத்துச் செல்லும். கரும்புகை குபீரென்று கிளம்பும். தீபாவளி விடியலில் எங்கள் தெருவில் தங்கும் அதே நெடி, சட்டையைத் துவைத்தாலும் லேசில் போகாது.

கான்பெராவின் பி.ஐ. 58 வகையில் விமானிக்கு மட்டுமே வெளியேற்று இருக்கை, அதாவது ஆபத்தில் ஆளோடு சேர்ந்து விமானத்தைவிட்டு வெளியே பாயும் இருக்கை, உண்டு. மூக்குப் பகுதியில் குப்புறப் படுத்துக் குறிபார்க்கும் நேவிகேட்டருக்கு, அதாவது வழி கணித்துச் சொல்பவருக்கு, கிடையாது. அது தெரிந்தும் சிரித்தபடி ஏறியவர்களைப் பார்த்த பிறகு, ஒரு நட்டைக்கூட இரண்டாம் முறை தொட்டுப் பார்க்காமல் விட எனக்கு மனம் வந்ததில்லை.