புகார் பெட்டி சாவி யார்கிட்ட இருக்கு?

கேள்வி: எங்க அக்கா தவறிட்டாங்க, மாமா வேற கல்யாணம் பண்ணிட்டாரு. அக்கா பொண்ணு (12 வயசு) ஒரு தனியார் ஹோம்ல தங்கி படிக்குறா. போன தடவை பாக்கப் போனப்ப கையில தழும்பு, வார்டன் ஸ்கேலால அடிச்சாங்கங்குறா. அங்க கேட்டா "சும்மா சோறு போட்டு படிக்க வைக்குறோம், கண்டிக்கக்கூட கூடாதா"ங்குறாங்க. புகார் பண்ணா பிள்ளை மேல கோபத்தைக் காட்டிருவாங்களோ?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: அவங்க ஒண்ணும் சும்மா போடல சகோதரி. சாப்பாடு, படிப்பு, வைத்தியம் எல்லாம் 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி (இந்த மாதிரி பிள்ளைங்க பராமரிப்பு, பாதுகாப்புக்கான சட்டம்) பிள்ளைக்குக் குடுத்தே ஆகணும், தர்மம்னு நினைச்சு குடுக்குற இடத்துலதான் இப்படி கை நீளும். அடிச்சா 82வது பிரிவுல முதல் தடவை 10,000 ரூபா அபராதம், மறுபடி அடிச்சா 3 மாசம் வரைக்கும் ஜெயிலும் உண்டு, வேலையும் போகலாம்.

உங்க பயம் நியாயம்தான், அதனால வார்டன்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, பிள்ளையையும் திரும்பத் திரும்ப தோண்டிக் கேக்காதீங்க. என்னைக்கு பாத்தீங்க, தழும்பு எங்க இருந்துச்சு, அவ என்ன சொன்னானு தேதியோட எழுதி மாவட்ட குழந்தைகள் நலக்குழுல நேரா குடுங்க, போக முடியலனா குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் போடுங்க, ராத்திரியிலயும் எடுப்பாங்க, காசு கிடையாது. நலக்குழுல தலைவரோட சேத்து 5 பேரு, பிள்ளைகிட்ட தனியா பேசி விசாரிக்கலாம், தேவைன்னா வேற இல்லத்துக்கு மாத்தவும் அவங்களால முடியும். பிள்ளை தனியாத்தான் பேசணும், வார்டன் பக்கத்துல நிக்கக்கூடாதுனு கண்டிப்பா சொல்லுங்க.

அப்படியே இன்னொண்ணும் கேளுங்க, அவ அங்க இருக்குறதுக்கு நலக்குழு ஆர்டர் இருக்கா? நிறைய தனியார் இடங்கள்ல சொந்தக்காரங்க கொண்டுவந்து விட்டா அப்படியே சேத்துக்குறாங்க, அப்படி ஒரு பிள்ளை அங்க இருக்குறதே நலக்குழுவுக்குத் தெரியாது.

புகார் பெட்டினு ஒண்ணு இருக்கே, அதை அடுத்த தடவை போறப்ப பாருங்க. அந்தச் சட்டத்துக்காக 2016-ல போட்ட மாதிரி விதிகள் (Model Rules) என்ன சொல்லுதுனா ஆபீஸ விட்டுத் தள்ளி, பிள்ளைங்க தூங்குற இடத்துக்குப் பக்கத்துல வைக்கணும், வாரம் ஒரு தடவையாவது பிள்ளைங்க குழு முன்னாடி திறக்கணும், சாவி மேலாண்மைக் குழு தலைவர்கிட்ட (ஹோம் ஆளு இல்ல, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர்) இருக்கணும். மேனேஜர் நாற்காலிக்கு மேலயே பெட்டியை ஆணி அடிச்சு மாட்டி, சாவியும் அவர் கொத்துலயே தொங்குச்சுன்னா எந்தப் பிள்ளைங்க அதுல சீட்டு போடும்? மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆய்வுக்குழுவும் வரணும், அதுல ஒரு பெண் உறுப்பினரும் ஒரு டாக்டரும் இருக்கணும். வந்தாங்களா, பிள்ளைங்ககிட்ட பேசுனாங்களானு அவகிட்டயே பேச்சுவாக்குல கேளுங்க.

கடைசியா ஒண்ணு, கோச்சுக்காதீங்க. இல்லத்துல விடுறது வேற வழியே இல்லாதப்பதான்னு சட்டமே சொல்லுது. காசு இல்லாததுதான் காரணம்னா, பிள்ளையை நீங்களே வச்சு வளக்க மத்திய அரசோட மிஷன் வாத்சல்யா திட்டத்துல ஸ்பான்சர்ஷிப்னு மாசம் 4,000 ரூபா வரும். வருமான வரம்பு இருக்கு, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல விசாரிங்க.

கேள்வி: பையன் பர்த்டேக்கு ஒரு ஹோம்ல பிரியாணி போடலாம்னு இருக்கோம். நல்ல ஹோமானு எப்படித் தெரிஞ்சுக்குறது? போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாமா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: முதல்ல பதிவுச் சான்று கேளுங்க, காட்ட யோசிச்சா வந்துருங்க. மாமல்லபுரத்து ஹோம்கள்ல பிள்ளைங்களுக்கு நடந்த கொடுமை பத்தி 2007-ல ஒரு பத்திரிகைல வந்த கட்டுரையை வச்சு ஆரம்பிச்ச கேஸ்லதான், எல்லா இல்லமும் 2017 முடியுறதுக்குள்ள பதிவு பண்ணணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. ஆனா பேப்பர் மட்டும் பாத்தா பத்தாது, 2021-ல மதுரைல ஒரு ஹோம்ல உயிரோட இருந்த குழந்தையையே கொரோனாவுல செத்துப்போச்சுனு போலி ஆவணம் காட்டி வித்துட்டாங்க. அதனால பிள்ளைங்க முகத்தையும் கொஞ்சம் பாருங்க.

ஸ்டேட்டஸ் வேண்டவே வேண்டாம். 2015 இளைஞர் நீதிச் சட்டத்தோட 74வது பிரிவு இந்தப் பிள்ளைங்க அடையாளம் வெளிய போகக்கூடாதுங்குது, மீறுனா 6 மாசம் வரைக்கும் ஜெயில் இல்ல 2 லட்சம் வரைக்கும் அபராதம். சட்டத்தை விடுங்க, தட்டோட லைன்ல நிக்குற போட்டோவை நாளைக்கு கிளாஸ்ல யாராவது அந்தப் பிள்ளைகிட்ட காட்டுனா எப்படி இருக்கும்? பிரியாணி போடுங்க, உக்காந்து கூட சாப்பிடுங்க, போன் பாக்கெட்லயே இருக்கட்டும்.