முடக்குவாதத்துக்கு வைட்டமின் டி மட்டும் போதுமா?

வைட்டமின் டி நோய் எதிர்ப்பாற்றலைச் சீராக்கும் என்கிறார்களே, அதை மட்டும் எடுத்துக்கொண்டு முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் மருந்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். என் அக்காவுக்குப் பதினான்கு ஆண்டுகளாக இதே நோய், ஊரில் சரவாங்கி என்பார்கள். காலையில் விரல்கள் மடங்காமல், காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே அணைத்துப் பிடித்துத்தான் குடிப்பார். உங்கள் கேள்வியை அவரே என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்.

தொடர்பு இருப்பது உண்மை. வெயிலாலும் உணவாலும் கிடைக்கும் வைட்டமின் டி, கல்லீரலில் ஒருமுறையும் சிறுநீரகத்தில் ஒருமுறையும் மாற்றமடைந்த பிறகே வேலை செய்யும். கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்களோ அந்த இரண்டாம் மாற்றத்தைத் தாமே செய்துகொள்ளும். காசநோய்க் கிருமியை உணர்ந்ததும் இவை வைட்டமின் டியைக் கொண்டு கேதலிசிடின் என்னும் கிருமிக்கொல்லிப் புரதத்தை உண்டாக்குவதை 2006இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே வைட்டமின், அழற்சியை வளர்க்கும் வெள்ளணுக்களை அடக்கி, அவற்றைக் கட்டுப்படுத்தும் அணுக்களை ஊக்குவிக்கவும் செய்கிறது. சொந்த மூட்டையே பகையாக எண்ணித் தாக்கும் நோயில் இதன் மீது நம்பிக்கை பிறந்ததற்கு அதுவே காரணம்.

அந்த நம்பிக்கைக்கு வலுவான சான்று அமெரிக்காவின் வைட்டல் ஆய்வு. 50 வயதைக் கடந்த 25,871 பேரில் ஒரு பாதியினருக்குத் தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டியும் மறுபாதியினருக்கு வெற்று மாத்திரையும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கொடுத்ததில், புதிதாகத் தன்னெதிர்ப்பு நோய் (முடக்குவாதம்போல உடல் தன்னையே தாக்கும் நோய்) வந்தவர்கள் முறையே 123 பேரும் 155 பேரும். ஏறத்தாழ 22 சதவீதம் குறைவு. ஆனால் இது நோய் வராமல் தடுப்பது பற்றிய கணக்கு. வந்த நோயை மாற்றுவது பற்றியது அன்று. மாத்திரையை நிறுத்திய பின் அந்தப் பயனும் நிலைக்கவில்லை. முடக்குவாத நோயாளிகளின் இரத்தத்தில் இதன் அளவு குறைந்திருப்பதை வைத்து, அந்தக் குறைவால்தான் நோய் வந்தது என்று முடிவு கட்டுவதும் சரியன்று. வலியால் வெளியே நடமாடாமல் இருப்பதும், அழற்சியும்கூட அந்த அளவைக் குறைத்துவிடும்.

இன்னொன்றை வருத்தத்தோடு சொல்கிறேன். அக்காவுக்கு 60,000 யூனிட் கொண்ட பொடிப் பொட்டலத்தை வாரம் ஒன்றாக எட்டு வாரம் பாலில் கலந்து குடிக்கும்படி மருத்துவர் எழுதியிருந்தார். மருந்துக் கடையில் உறையின் மேல் ‘தினம் 1’ என்று எழுதிவிட்டார்கள். தீரத் தீர வாங்கி ஆறு வாரம் குடித்தார். அடங்காத தாகம், வாந்தி, மலச்சிக்கல், பிறகு ஒருவிதக் குழப்பம். இரத்தத்தில் கால்சியம் மிகவும் ஏறியிருந்ததால் மருத்துவமனையில் சேர்த்து டிரிப் ஏற்ற வேண்டியதாயிற்று. இந்த வைட்டமின் கொழுப்பில் தங்குவதால் அளவு இறங்க மாதக்கணக்கில் ஆனது. மெத்தோட்ரெக்சேட்டும் வாரத்துக்கு ஒரு நாள் மருந்துதான். அதைத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. இப்போது இரண்டுக்கும் உரிய கிழமைகளைத் தினசரி நாட்காட்டியில் பேனாவால் வட்டமிட்டு வைக்கிறோம்.

உங்களுக்கு வைட்டமின் டி குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்யத்தான் வேண்டும், முக்கியமாக எலும்புக்காக. ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு எலும்பு தேயும். முடக்குவாதமும் தன் பங்குக்கு அரிக்கும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, வைட்டமின் டி, கால்சியம் இரண்டையும் பரிசோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள். எத்தனை யூனிட், எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை வாரம் என்பதைச் சீட்டில் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.