பிரெஞ்சில் தொடக்க நிலையை எட்டிவிட்டேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மொழி கற்கும் செயலியில் பாதிக்கு மேல் முடித்துவிட்டேன், 'ஏ1 தெரியும்', அதாவது தொடக்க நிலை வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தச் சதவீதக் கணக்கை ஓரமாக வையுங்கள். எத்தனை பாடம் தாண்டினீர்கள் என்பதைத்தான் அது காட்டும். நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுவது வேறு, ஒருவர் கேட்டதும் வாயைத் திறந்து பதில் சொல்வது வேறு.

ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். அதில் ஏ1 கேட்பது கொஞ்சம்தான்: எதிரில் இருப்பவர் மெதுவாக, தெளிவாகப் பேசி, உதவவும் தயாராக இருந்தால் உங்களால் எளிமையாகப் பேச முடிய வேண்டும். அதனால் "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று பிரெஞ்சிலேயே கேட்பது தோல்வி இல்லை. அதுவும் அந்த நிலைக்கான திறமைதான்.

நான் யாருக்கும் முதலில் சொல்லும் சோதனை தொலைபேசி எண். பிரான்சில் பத்து இலக்கத்தையும் இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்வார்கள். 'சுவாசாந்த்' காதில் விழுந்ததும் கை 60 எழுதப் போகும், அடுத்து 'தூஸ்' (12) வந்தால் அது 72. 'காத்ர' என்றதும் 4 எழுதினால், 'காத்ர வேன் தூஸ்' (நான்கு இருபதும் பன்னிரண்டும்) என்று முடிந்து 92 ஆகிவிடும். இரண்டு முறை கேட்டு எண்ணைச் சரியாக எழுதிவிட்டால் உங்கள் காது தேறிவிட்டது என்று நம்பலாம். படிப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பிரெஞ்சில் எழுதியதில் பல எழுத்து வாயில் வராது, தாளில் புரிந்த வாக்கியமே காதுக்குப் புதிதாக இருக்கும்.

அடுத்தது கேள்வி கேட்பது. பெயர், ஊர், வேலை, குடும்பம் என்று தன்னைப் பற்றி எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். பிரெஞ்சுத் திறனுக்குச் சான்றிதழ் தரும் தேர்வு டெல்ஃப். அதன் ஏ1 வாய்மொழித் தேர்வின் இரண்டாம் பகுதியில் ஒற்றைச் சொல் எழுதிய அட்டைகளைத் தருவார்கள், அதை வைத்துத் தேர்வாளரிடம் நீங்கள் கேள்வி கேட்க வேண்டும். 'வகான்ஸ்' என்று இருந்தால், விடுமுறைக்கு எங்கே போவீர்கள் என்ற கேள்வி உங்கள் வாயிலிருந்து வர வேண்டும். தட்டுத் தடுமாறி வந்தாலும் சரி, வந்தால் போதும். என் கணக்கில் ஏ1-இன் உண்மையான எல்லைக்கோடு இதுதான்.

எழுத்தில், ஒரு படிவத்தை நிரப்பவும் நண்பருக்குச் சுமார் 40 சொல்லில் செய்தி எழுதவும் தெரிந்தால் போதும். இறந்தகாலம் தடுமாறினால் இப்போதைக்குக் கவலை வேண்டாம். நேற்று என்ன செய்தேன் என்று நாலு வரி சொல்ல வந்துவிட்டால் ஏ2 பக்கம் நகர்கிறீர்கள்.

அப்புறம், டெல்ஃப் தேர்வை நடத்தும் பிரான்ஸ் எடுகாசியோன் ஆன்தெர்நாசியோனால் நிறுவனத்தின் தளத்தில் மாதிரித் தாள்கள் இருக்கின்றன. கடிகாரம் வைத்து, அகராதி இல்லாமல் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது. கேட்டல் பகுதியில் இழுபறி என்றால் இன்னும் கொஞ்ச நாள் தினமும் காதுக்கு வேலை கொடுத்துவிட்டு வேறொரு தாளைப் போடுங்கள். எல்லாப் பகுதியும் சுலபமாக இருந்தால் ஏ1-க்குப் பணம் கட்டாமல் ஏ2 மாதிரித் தாளை எடுத்துப் பாருங்கள். கீழ்ப்படிச் சான்றிதழ் இல்லாமலே நேராக ஏ2 எழுதலாம்.