லா ரிவ்யூ இல்லாமல் கிளார்க்‌ஷிப் கிடைக்குமா?

அமெரிக்காவில் சட்டம் படிக்கும் நம் பிள்ளைகளும் சில பெற்றோரும் அனுப்பிய கேள்விகள் இவை. நான் ஒரு ஃபெடரல் (மத்திய அரசு) மாவட்ட நீதிபதியிடம் கிளார்க்காக, அதாவது சட்ட ஆராய்ச்சியிலும் தீர்ப்பு எழுதுவதிலும் அவருக்கு உதவுபவராக இருந்துவிட்டு, இப்போது சிவில் வழக்குகள் நடத்துகிறேன். படித்த காலத்தில், சட்டக் கல்லூரி மாணவர்களே நடத்தும் பத்திரிகையான லா ரிவ்யூவில் நான் இருந்ததில்லை.

கேள்வி: அக்கா, முதலாண்டு முடிந்ததும் ரைட்-ஆன் போட்டியில் எழுதினேன். லா ரிவ்யூவில் எடுக்கவில்லை. ஃபெடரல் கிளார்க்‌ஷிப்பை மறந்துவிட வேண்டியதுதானா?

பதில்: எந்த கோர்ட் என்பதைப் பொறுத்தது தம்பி. சுப்ரீம் கோர்ட்டில் 9 நீதிபதிகள், ஆளுக்கு வழக்கமாக 4 கிளார்க்குகள். நாடு முழுவதற்கும் அவ்வளவுதான், அதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அடுத்து 13 மேல்முறையீட்டு கோர்ட்டுகள். லா ரிவ்யூ இல்லாமல் அங்கே நுழைவது கடினம், ஆனாலும் நுழைந்தவர்கள் உண்டு. அதற்குக் கீழே 94 மாவட்ட கோர்ட்டுகள். உங்கள் வாய்ப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

மாவட்ட கோர்ட்டிலும் எல்லோரும் மன்ஹாட்டனுக்கும் வாஷிங்டனுக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குமே விண்ணப்பிக்கிறார்கள். வட டக்கோட்டாவின் ஃபார்கோவிலும், டெக்சஸ் எல்லையில் லரேடோவிலும் அதே அதிகாரமுள்ள ஃபெடரல் நீதிபதிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே போட்டி குறைவு, வேலை குறைவல்ல. எல்லை ஊர்களில் கிரிமினல் வழக்குகள் குவிந்து கிடக்கும்.

மாஜிஸ்ட்ரேட் நீதிபதிகள், திவால் கோர்ட், வரி வழக்குகளுக்கான டேக்ஸ் கோர்ட், நியூயார்க்கில் இருக்கும் சர்வதேச வர்த்தக கோர்ட் எல்லாவற்றிலும் கிளார்க்குகள் உண்டு. வயதானபின் வேலையைக் குறைத்துக்கொண்டு சீனியர் அந்தஸ்துக்குப் போன நீதிபதிகளையும் மாணவர்கள் ஏனோ கண்டுகொள்வதில்லை. அவர்களில் பலர் இன்னும் வழக்கு கேட்கிறார்கள், கிளார்க்கும் எடுக்கிறார்கள்.

கேள்வி: ஒரு பத்திரிகையில் அடிக்குறிப்பு சரிபார்த்ததற்கு நீதிபதிகள் ஏன் இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார்கள்? எனக்கு இது புரியவே இல்லை.

பதில்: கோபம் நியாயம்தான். ஆனால் சேம்பர்ஸுக்குள், அதாவது நீதிபதியின் அலுவலகத்துக்குள் இருந்து பாருங்கள். ஒரு நீதிபதி, இரண்டு மூன்று கிளார்க்குகள், சில இடங்களில் ஒரு உதவியாளர். அவ்வளவு சின்ன இடம். புதிதாக வருபவருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரமில்லை. விண்ணப்பங்களோ மலை போல் வந்து விழும். பல சேம்பர்ஸில் அவற்றை முதலில் சலிப்பது நீதிபதி இல்லை, அப்போது வேலையில் இருக்கும் கிளார்க்குகள்தான். நானும் சலித்திருக்கிறேன்.

அந்த அவசரத்தில் ‘லா ரிவ்யூ’ என்ற ஒரு வரி மூன்று விஷயங்களைச் சொல்லிவிடும். மார்க் நன்றாக இருக்கலாம், எழுத்து ஒருமுறை சோதிக்கப்பட்டிருக்கிறது, ப்ளூபுக் என்ற மேற்கோள் கையேட்டின் விதிப்படி மேற்கோள்களை மணிக்கணக்கில் சரிபார்க்கும் பொறுமை இருக்கிறது. அந்த வரி இல்லையென்றால் இந்த மூன்றையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். மார்க்குக்கு ட்ரான்ஸ்கிரிப்ட் இருக்கிறது, நான் முதலில் புரட்டியதே அதைத்தான். பொறுமையைக் காட்ட வேறு ஜர்னல் ஒன்றில் சேரலாம். இல்லையென்றால் ஒரு பேராசிரியரிடம் ஆராய்ச்சி உதவியாளராக இருந்து, அவர் புத்தகத்துக்கோ கட்டுரைக்கோ மேற்கோள் சரிபார்த்ததைக் கடிதத்தில் அவரே எழுதும்படி செய்யலாம். இரண்டாவது வழி இன்னும் நல்லது என்பேன். ஜர்னல் பெயர் ரெஸ்யூமேயில் ஒரு வரியோடு நின்றுவிடும், பேராசிரியர் தொலைபேசியிலும் பேசுவார்.

சுப்ரீம் கோர்ட் நீதிபதி நீல் கோர்சச் ஹார்வர்டில் படித்தபோது ‘ஹார்வர்ட் ஜர்னல் ஆஃப் லா அண்ட் பப்ளிக் பாலிசி’யின் ஆசிரியர்களில் ஒருவர். 1887இல் தொடங்கிய புகழ்பெற்ற ஹார்வர்ட் லா ரிவ்யூ வேறு, இது வேறு. அவர் சுப்ரீம் கோர்ட்டிலேயே கிளார்க்காகப் போனார். ‘அவர் ஹார்வர்ட் ஆயிற்றே’ என்பீர்கள். ஆமாம், கல்லூரிப் பெயரும் எடை போடப்படத்தான் செய்கிறது.

கேள்வி: ரைட்டிங் சாம்பிளாக மூட் கோர்ட்டுக்கு (மாணவர்களின் மாதிரி வழக்காடலுக்கு) எழுதிய ப்ரீஃபை அனுப்பலாமா, கோடைக்கால வேலையில் எழுதிய மெமோவை அனுப்பலாமா?

பதில்: எது நன்றாக இருக்கிறதோ அது. ப்ரீஃப் ஒரு பக்கம் சாய்ந்து வாதாடும். நீதிபதிக்குத் தேவை இரண்டு பக்கத்தையும் எடை போடும் எழுத்து. அதனால் தரம் சமமாக இருந்தால் மெமோ. அதற்கு வேலை கொடுத்தவரின் அனுமதி வாங்குங்கள், கட்சிக்காரர் பெயர்களை மறையுங்கள், இதை முன்பக்கக் குறிப்பில் சொல்லுங்கள். வேறொருவர் திருத்தி எழுதியதை உங்கள் எழுத்தாக அனுப்பாதீர்கள்.

10 முதல் 15 பக்கம் போதும். முதல் இரண்டு பக்கத்தில் பிரச்சினை என்ன, உங்கள் முடிவு என்ன என்பது தெரிந்துவிட வேண்டும். அப்புறம், நீதிபதியின் பெயரில் எழுத்துப்பிழை கூடாது. இதைச் சொல்லவும் வேண்டுமா என்று நினைக்கலாம். வேண்டும்!

கேள்வி: என் மார்க் வகுப்பில் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வரும், அவ்வளவுதான். லா ரிவ்யூவும் இல்லை. நேர்மையாகச் சொல்லுங்கள்.

பதில்: இந்த வருடமே ஃபெடரல் என்றால் கஷ்டம். மாநில கோர்ட்டுகளைப் பாருங்கள். நியூ ஜெர்சியில் விசாரணை நீதிபதிகளுக்கும் ஒரு வருடத்துக்கு லா கிளார்க் உண்டு, கோடை முடியும்போது புது ஆட்கள் சேர்வார்கள். எடிசன் பக்கம் வீடு இருந்தால் அம்மா சமையலோடு வேலைக்குப் போய் வரலாம்.

இன்னொரு வழி, ஒன்றிரண்டு வருடம் வழக்குகளில் வேலை செய்துவிட்டு விண்ணப்பிப்பது. அனுபவம் உள்ளவர்களை விரும்பி எடுக்கும் நீதிபதிகள் பலர். அந்த நேரத்தில் உங்கள் கையில் கோர்ட்டுக்கு எழுதிய நிஜமான மோஷன்கள் (மனுக்கள்) இருக்கும், லா ரிவ்யூ பற்றிக் கேள்வி வருவதும் குறையும். இன்னும் படித்துக்கொண்டிருந்தால், கடைசி வருடத்தில் ஒரு நீதிபதியிடம் சம்பளமில்லாமல், படிப்புக் கிரெடிட்டுக்காக எக்ஸ்டர்ன்‌ஷிப் செய்யுங்கள். அவர் பக்கத்து அறை நீதிபதியிடம் சொல்லும் ஒரு நல்ல வார்த்தைக்கு ஈடே இல்லை.

கேள்வி: சென்னையில் சட்டம் முடித்துவிட்டு இங்கே எல்எல்எம் படிக்கிறேன், எஃப்-1 விசா. எனக்கு வழி உண்டா மேடம்?

பதில்: உங்களுக்கு லா ரிவ்யூவை விடப் பெரிய தடை குடியுரிமை. அமெரிக்கக் கண்டப் பகுதியில் இருக்கும் ஃபெடரல் வேலைகளுக்கு யாருக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்பதை நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. குடிமக்களுக்குக் கொடுக்கலாம். கிரீன் கார்டு உள்ளவர்கள் குடியுரிமை பெற முனைபவர்களாக இருந்தால் கொடுக்கலாம். மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு முடியாது.

ஹவாய், குவாம், போர்ட்டோ ரிக்கோ போன்ற இடங்கள் கண்டப் பகுதிக்கு வெளியே இருப்பதால் இந்தக் கட்டுப்பாடு அங்கே இல்லை. ஆனால் வேலை செய்யும் அனுமதி தனியாக வேண்டும். மாநில கோர்ட்டுகளுக்கு அவரவர் விதி, விண்ணப்பிக்கும் முன் கேட்டுவிடுங்கள். சம்பளமில்லாத எக்ஸ்டர்ன்‌ஷிப்புக்கு வாய்ப்பு இருக்கலாம், ஆனால் உங்கள் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பெரிய லா ஃபர்மில் வேலை உறுதியாகிவிட்டது. அதைத் தள்ளிவைத்து ஒரு வருடம் குறைந்த சம்பளத்துக்கு நீதிபதியிடம் போகிறேன் என்கிறாள். இது தேவையா அம்மா?

பதில்: போகட்டும் ஐயா. கிளார்க்‌ஷிப் முடித்து வருபவர்களுக்கு ஃபெடரல் கோர்ட் என்றால் பெரிய ஃபர்ம்கள் பலவும் ஒரு பெரிய தொகையைப் போனஸாகக் கொடுக்கின்றன. பணக் கணக்கில் பெரிய நஷ்டம் வராது. தள்ளிவைக்க ஃபர்ம் சம்மதிக்கிறதா என்பதை மட்டும் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? எத்தனை பேருக்கு அனுப்பலாம்?

பதில்: ஃபெடரல் விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஆஸ்கர் என்ற இணையத் தளம் வழியாகப் போகும். எப்போது கிளார்க் எடுப்பது என்பதற்கான பொது நியமனத் திட்டத்தைப் பின்பற்றும் நீதிபதிகள் இரண்டாம் ஆண்டு முடிந்த ஜூன் மாதத்தில் விண்ணப்பங்களைத் திறப்பார்கள். எல்லோரும் பின்பற்றுவதில்லை, அதனால் ஒவ்வொருவரின் அறிவிப்பையும் படியுங்கள். ‘லா ரிவ்யூ கட்டாயம்’ என்றிருந்தால் விட்டுவிடுங்கள். ‘விரும்பத்தக்கது’ என்றிருந்தால் அனுப்புங்கள்.

எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு நிபந்தனை மட்டும்: வேலை கொடுத்தால் போகமாட்டேன் என்று நினைக்கும் நீதிபதிக்கு அனுப்பாதீர்கள்.

கேள்வி: ஏன்? ஒரு இடத்தில் ஆஃபர் வந்தபின் இன்னொரு நீதிபதியின் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாதா?

பதில்: சட்டப்படி தடையில்லை. ஆனால் முதலில் அழைத்த நீதிபதிக்குச் சம்மதம் சொல்வதே வழக்கம், பலர் தொலைபேசியிலேயே சொல்லிவிடுகிறார்கள். மறுத்தால் அந்த நீதிபதி மறக்கமாட்டார், உங்களுக்காகக் கடிதம் எழுதிய பேராசிரியருக்கும் சங்கடம். அடுத்த வருடம் உங்கள் கல்லூரியிலிருந்து விண்ணப்பிப்பவருக்கும் அது இடிக்கலாம். சம்மதம் சொன்ன அன்றே மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றுவிடுங்கள்.