மாநாட்டில் முடிவெடுப்பது யார்?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊரில் ஒரே மாதத்தில் இரண்டு கட்சிகள் பந்தல் போட்டன. ஒரு கட்சி ‘மண்டல மாநாடு’ என்றது, இன்னொன்று ‘மாபெரும் பொதுக்கூட்டம்’ என்றது. இரண்டிலும் அதே நாற்காலிகள், அதே மைக், அதே மாதிரிப் பேச்சு. எதை வைத்து ஒன்றை மட்டும் மாநாடு என்கிறார்கள்? பொதுக்குழு, கழகம், இயக்கம் என்று இத்தனை பெயர்கள் எதற்கு? எல்லாம் கூட்டம்தானே என்கிறார் என் கணவர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ம., விருத்தாசலம்

அன்புள்ள ம. அவர்களுக்கு,

எல்லாம் கூட்டம்தான், ஆனால் ஒரே வகைக் கூட்டம் இல்லை. வந்து உட்கார்ந்திருப்பவருக்கு அங்கே என்ன வேலை என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. அவர் கேட்க வந்தவரா, முடிவெடுக்க வந்தவரா? இரண்டு பந்தலும் உங்களுக்கு ஒன்றாகத் தெரிந்ததற்குக் காரணம், இந்த வேறுபாட்டைக் கட்சிகளே கைவிட்டுவிட்டதுதான்.

பொதுக்கூட்டம் பற்றிக் குழப்பமே கிடையாது. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, சிறப்புரை, நன்றியுரை என்று சுவரொட்டியிலேயே எல்லாம் இருக்கும். யாரும் வரலாம், பாதியில் எழுந்தும் போகலாம். மாற்றுக் கட்சிக்காரரும் டீக்கடை ஓரமாக நின்று முழுப் பேச்சையும் கேட்டுவிட்டுப் போவார். பள்ளிக்கூடம் போக முடியாத எத்தனையோ பேருக்கு நாட்டு நடப்பையும் உலக நடப்பையும் சொல்லிக்கொடுத்தது பொதுக்கூட்டம்தான். அதன்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

மாநாட்டின் வேலை வேறு. அங்கே தீர்மானத்தை ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், மறுத்துப் பேசுகிறவருக்கும் இடம் இருக்க வேண்டும். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. சாதிப் பட்டங்களை விடவேண்டும், பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று அங்கே தீர்மானங்கள் நிறைவேறின. 60 ஆண்டுகள் கழித்து, 1989-ல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு என்றது. ஒரு மாநாட்டுத் தீர்மானம் எவ்வளவு தூரம் நடந்து வரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

1944 ஆகஸ்டில் சேலம் மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது. வெள்ளைக்கார அரசு கொடுத்த சர், ராவ்பகதூர் பட்டங்களை உறுப்பினர்கள் துறக்க வேண்டும் என்று அண்ணா கொண்டுவந்த தீர்மானமும் அங்கே நிறைவேறியது. கட்சியின் பழைய பிரமுகர்கள் பலருக்கு அது கசந்தது. 1956-ல் திருச்சி மாநாட்டில் திமுக ஒரு வாக்கெடுப்பே நடத்தியது: தேர்தலில் நிற்கலாமா, வேண்டாமா? நிற்கலாம் என்று முடிவாகி, அடுத்த ஆண்டு 15 பேர் சட்டமன்றம் போனார்கள். தமிழ்நாட்டின் வரலாற்றையே மாற்றிய கேள்வி அது. அதற்குப் பதில் பந்தலுக்குக் கீழே இருந்தவர்களிடமிருந்து வந்தது.

இன்றும் இந்தப் பொருளை விடாமல் வைத்திருப்பவர்கள் கம்யூனிஸ்டுகள். மார்க்சிஸ்ட் கட்சியில் கிளை மாநாட்டில் தொடங்கிப் படிப்படியாக மாவட்டம், மாநிலம், அகில இந்தியா என்று போகும். நகல் தீர்மானத்தை முன்கூட்டியே வெளியிட்டு, உறுப்பினர்களிடம் திருத்தம் கேட்பார்கள். 2025 ஏப்ரலில் மதுரையில் அவர்களுடைய 24-வது அகில இந்திய மாநாடு நடந்தது. பிரதிநிதிகள் நாள்கணக்கில் அரங்குக்குள் உட்கார்ந்து விவாதித்தார்கள், கடைசி நாள் பேரணியும் பொதுக்கூட்டமும் வெளியே நடந்தன. இது மாநாடு, அது பொதுக்கூட்டம் என்று அவர்கள் கலக்காமல் சொல்கிறார்கள். அந்தக் கட்சியின் கொள்கையோடு உடன்படாதவர்களும் இந்த ஒழுங்கைக் கவனிக்க வேண்டும்.

மற்ற கட்சிகளின் மாநாட்டுச் செய்தியில் நாம் இப்போது என்ன படிக்கிறோம்? எத்தனை ஏக்கர் திடல், எத்தனை வேன், கொடிக்கம்பம் எவ்வளவு உயரம். தீர்மானம் வாசிக்கிறார்கள், கைதட்டுகிறார்கள், அத்தோடு அது நிறைவேறிவிட்டது. சொந்தக் காசில் பஸ் ஏறி, வெயிலில் காத்திருந்து வந்த தொண்டனிடம் ‘நீ என்ன நினைக்கிறாய்’ என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. எனக்கு இது பெரிய வேதனை.

அப்புறம், பொதுக்குழு. பெயரில் ‘பொது’ இருந்தாலும் பொதுமக்களுக்கு அங்கே இடமில்லை. கட்சி விதிப்படி உறுப்பினராக இருப்பவர்கள் மட்டும் கூடும் சபை அது, செயற்குழு அதைவிடச் சிறியது. அதிமுகவில் 2022 ஜூலை 11-ல் வானகரத்தில் கூடிய பொதுக்குழு, எடப்பாடி பழனிசாமியை இடைக்காலப் பொதுச்செயலாளர் ஆக்கி, ஓ.பன்னீர்செல்வத்தைக் கட்சியைவிட்டு நீக்கியது. அடிப்படை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்சித் தலைமையைப் பொதுக்குழு மாற்றலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அந்தப் பொதுக்குழு செல்லும் என்று 2023 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. கூட்டம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால், அந்த வழக்கில் எதற்காக அவ்வளவு வாதாடினார்கள் என்பதே உங்கள் கணவருக்குப் புரியாமல் போய்விடும்.

கழகம் என்ற சொல்லைக் குறளில் தேடினால் சூதாடும் இடம் என்ற பொருளில்தான் கிடைக்கும். பிறகு அது கற்றவர்கள் கூடும் இடத்தைக் குறித்தது. 1920-ல் தொடங்கிய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம் அதைப் பதிப்புலகத்துக்குக் கொண்டுவந்தது, 1944-க்குப் பிறகு அது அரசியல் சொல் ஆனது. திமுகவிலிருந்து தமிழக வெற்றிக் கழகம் வரை அந்தப் பெயர் ஓயவில்லை.

இயக்கம் என்பதை எங்கே நின்று சொல்கிறோம் என்று பார்க்க வேண்டும். தேர்தலில் நிற்காத திராவிடர் கழகத்தார் தங்களைக் கட்சி என்று சொல்லாமல் இயக்கம் என்பார்கள், அது அவர்களுக்குப் பொருந்தும். யாழ்ப்பாணத்தில் ‘அவன் இயக்கத்துக்குப் போயிட்டான்’ என்றால் ஆயுதம் ஏந்தப் போய்விட்டான் என்று பொருள். அங்கே எத்தனையோ தாய்மார்கள் அழுதுகொண்டே சொன்ன வாக்கியம் அது. அந்தச் சொல்லை ஈழத்தவரோடு பேசும்போது நாம் கவனமாகத்தான் எடுக்க வேண்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ‘மாவட்டம் வந்துட்டாரு’, ‘ஒன்றியம் சொன்னா சரிதான்’ என்று கட்சிக்காரர்கள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். மாவட்டச் செயலாளர்தான் மாவட்டம், ஒன்றியச் செயலாளர்தான் ஒன்றியம். ஒரு குழுவின் பெயர் ஒரு ஆளின் பெயராகிவிட்டது. உங்கள் ஊர் மாநாடு பொதுக்கூட்டமாக மாறியதும் இதுவும் ஒரே நோய் என்றே நான் நினைக்கிறேன். ஒருவரே மாவட்டமாக இருக்கும்போது பிரதிநிதிகளைக் கூட்டி அவர் எதைக் கேட்கப் போகிறார்?

அடுத்த மாநாட்டு நோட்டீஸ் வீட்டுக்கு வந்தால், சிறப்புரை யார் என்று பார்ப்பதற்கு முன்னால் பிரதிநிதிகள் அமர்வு என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதைப் பொதுக்கூட்டம் என்றே சொல்லுங்கள். கொடுக்க வந்தவரிடமும் சொல்லலாம்.

அன்புடன்.