‘சின்ன வேலைதானே தம்பி’: சாஃப்ட்வேர் புராஜெக்ட் கேள்வி-பதில்

மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் சின்ன டீம் வைத்து சாஃப்ட்வேர் செய்து கொடுப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடை ஒன்றுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிறோம். முதலாளி தினமும் ‘இது சின்ன வேலைதானே தம்பி’ என்று ஏதாவது சேர்க்கச் சொல்கிறார். மறுத்தால் மனக்கசப்பு. என்ன செய்வது?
*சிம்மக்கல் வாசகர்*

முதலாளி உங்களை ஏய்க்கவில்லை. திரையில் பார்த்த பிறகுதான் தனக்கு என்ன வேண்டும் என்று அவருக்கே தெரிகிறது. எல்லா ஊரிலும் இப்படித்தான். இதற்காகத்தான் தொடங்கும்போதே ஒரு பக்கத் தாள் ஒன்று வேண்டும் என்கிறேன். என்ன பிரச்சினையைத் தீர்க்கிறோம், யார் முடிவு சொல்வார், எதெல்லாம் சேரும், எதெல்லாம் சேராது என்று அதில் இருக்க வேண்டும். கடைசிப் பகுதிதான் முக்கியம். ‘டாலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) உள்ளே இருக்கும் பழைய கணக்கை மாற்றித் தருவது இதில் இல்லை’, ‘கிளைக் கடை இல்லை’, ‘மொபைல் ஆப் இல்லை’ என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

வேலை பாதியில் இருக்கும்போது அந்தத் தாள் இல்லையென்றால் மாற்றச் சீட்டு ஒன்று தொடங்குங்கள். என்ன கேட்டார், எந்தத் தேதி, எந்தெந்தப் பகுதியைத் தொட வேண்டும், எத்தனை நாள், எவ்வளவு பணம், முடிவு என்ன. நான்கு வரி போதும்.

ஓர் உதாரணம். ‘மூட்டையாக வாங்கின பருப்பைக் கிலோவாகவும் விற்கணும்’ என்கிறார். திரையில் பார்த்தால் ஒரு பெட்டி கூடுதல், அவ்வளவுதான். உள்ளே போனால் கொள்முதல், இருப்பு, சரக்கு திரும்பி வருவது, விலை, ரிப்போர்ட் என எல்லாவற்றிலும் அலகை மாற்ற வேண்டும். ஒரே பருப்பு 50 கிலோ மூட்டையிலும் வரும், 25 கிலோ மூட்டையிலும் வரும். பிரித்து நிறுத்தால் எடைக் குறைவு விழும், அதற்கும் ஒரு கணக்கு வேண்டும். வரி வேறு இருக்கிறது: 2022 ஜூலை 18-இல் வந்த மாற்றத்தில், 25 கிலோ வரை பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புக்கு 5 சதவீத ஜிஎஸ்டி; லூஸாக நிறுத்துக் கொடுத்தால் வரி இல்லை. பொட்டலத்தைப் பிரித்ததும் பில்லில் வரி மாறிவிடுகிறது. இதையெல்லாம் சீட்டில் எழுதி, ‘ஆறு நாள் ஆகும் முதலாளி. இதை இப்போது செய்தால் கடன் ரிப்போர்ட் அடுத்த வாரத்துக்குப் போகும். எது முதலில்?’ என்று கேளுங்கள். வியாபாரிக்கு இந்தக் கணக்கு நம்மைவிட நன்றாகவே புரியும். முடிவு அவருடையது என்று ஆகிவிட்டால் கசப்பும் வராது.

வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில் சொன்னதை எழுத்தில் போட்டு, ‘நீங்கள் சொன்னது இதுதானே?’ என்று அனுப்பி, ‘சரி’ என்று பதில் வாங்குங்கள். உண்மையிலேயே அரைமணி நேர வேலை என்றால் இலவசமாகச் செய்து கொடுங்கள். ஆனால் அதற்கும் சீட்டு போட்டு, தொகை ‘இல்லை’ என்று எழுதுங்கள். எவ்வளவு செய்து கொடுத்தீர்கள் என்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் தெரியும்.

மூன்று மாதம் என்று சொன்ன வேலை எப்போதும் ஆறு மாதம் ஆகிறது. நாள் கணக்கைச் சரியாகச் சொல்ல வழி உண்டா?
*திருமங்கலம் வாசகி*

மொத்த வேலைக்கும் ஒரே எண்ணைச் சொல்வதுதான் சிக்கல். இரண்டு மூன்று நாளில் முடியும் அளவுக்கு வேலையைத் துண்டு போடுங்கள். அப்படித் துண்டு போட முடியாமல் கலங்கலாக இருக்கும் வேலைக்கு மூன்று எண் கேளுங்கள்: எல்லாம் கூடி வந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை, எல்லாமே சொதப்பினால் எத்தனை. நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுங்கள். பழைய எக்செல் கணக்கை மாற்றும் வேலைக்கு 10, 15, 32 நாள் என்று உங்கள் டீம் சொன்னால் விடை 17. அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958-இல் உருவான முறை இது. இன்றும் உதவுகிறது, ஏனென்றால் சொதப்பினால் என்ன ஆகும் என்று டீம் வாய்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. அந்த 32-க்குக் காரணம் என்ன என்று கேட்டு எழுதி வையுங்கள். உங்கள் அபாயப் பட்டியலின் முதல் வரி அதுதான்.

நாங்கள் நான்கு பேர். வேலை பிந்திவிட்டது. காலேஜ் முடித்த மூன்று பேரைச் சேர்த்து வேகப்படுத்தலாம் என்கிறார் எங்கள் எம்.டி. சரியா?
*ஒத்தக்கடை வாசகர்*

வேண்டாம். பிந்திய சாஃப்ட்வேர் வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்று ஐபிஎம்மில் பெரிய திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். நான்கு பேர் என்றால் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டிய ஜோடிகள் 6. ஏழு பேரானால் 21. புதியவர்களுக்குச் சொல்லித் தருவது யார்? வேலை தெரிந்த அந்த நான்கு பேர்தான். ஆள் சேர்ப்பதற்குப் பதில் எந்த வசதியை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளலாம் என்று வாடிக்கையாளரோடு உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். வரும் மூவரை டெஸ்டிங்கிலும் டேட்டா என்ட்ரியிலும் தனியாக நிறுத்த முடிந்தால் ஓரளவு பயன் உண்டு.

எங்கள் ஆபீஸில் டெய்லி ஸ்க்ரம் என்று தினமும் ஒரு மணி நேரம் போகிறது. இதுதான் முறையா?
*வில்லாபுரம் வாசகி*

இல்லை. ஸ்க்ரம் என்பது வேலையைச் சின்னச் சின்னக் கட்டமாகச் செய்யும் டீம் முறை. அதில் இந்தத் தினசரிக் கூட்டத்துக்கு 15 நிமிடம்தான். வேலை செய்பவர்கள் அன்றைய வேலையைத் தங்களுக்குள் ஒழுங்கு செய்துகொள்ளும் நேரம் அது. மேனேஜரிடம் கணக்கு ஒப்பிக்கும் நேரம் கிடையாது. விவாதம் நீண்டால், சம்பந்தப்பட்ட இருவர் மட்டும் அப்புறம் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

ஜவுளிக் கடைக்குப் புது சிஸ்டம் தயார். தீபாவளிக்கு முன்னாலேயே ஆன் செய்யச் சொல்கிறார்கள்.
*மேலூர் வாசகர்*

கட்டாயம் தள்ளிப் போடுங்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி, முகூர்த்த மாதங்கள், சித்திரைத் திருவிழா, ஜிஎஸ்டி ரிட்டர்ன் கட்டும் நாட்கள் எல்லாவற்றையும் காலண்டரில் அடித்துவிட்டு மீதியில் தேடுங்கள். முகூர்த்தம் இல்லாத மார்கழியின் முதல் பாதி ஜவுளிக்குத் தோதானது. முதல் வாரம் ஒரே ஒரு கவுண்டரில் மட்டும் புதியது ஓடட்டும். சிஸ்டம் நின்றுபோனால் எத்தனை மணிக்குள் பழையதற்குத் திரும்புவது, அதை யார் சொல்வது என்று முன்பே எழுதி வையுங்கள். அப்புறம், தை முதல் மூன்று நாளில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு இருக்கிறது. உங்கள் டீமில் அந்த ஊர்ப் பையன்கள் இருந்தால் அந்த நாட்களில் வேலை எதையும் திட்டமிடாதீர்கள்.

பிஎம்பி சான்றிதழ் வாங்கினால் வேலை கிடைக்குமா? படிப்பை முடித்து ஒரு வருடம்தான் ஆகிறது.
*உசிலம்பட்டி வாசகர்*

பிஎம்பி என்பது அமெரிக்காவின் பிஎம்ஐ அமைப்பு தரும் புராஜெக்ட் மேலாண்மைச் சான்றிதழ். அதற்குப் புராஜெக்ட் நடத்திய அனுபவம் கேட்பார்கள். பட்டதாரிக்கே மூன்று வருடம். அதே அமைப்பின் தொடக்க நிலைச் சான்றிதழான சிஏபிஎம் தேர்வுக்கு அனுபவம் வேண்டாம், 23 மணி நேரப் பயிற்சி போதும். ஆனால் கட்டணம் உண்டு. முதலில் டெஸ்டிங் வேலையிலாவது சேர்ந்து, ஒரு புராஜெக்ட் தொடங்கி முடியும் வரை கூட இருந்து பாருங்கள். சான்றிதழ் அப்புறம் வாங்கலாம்.

ஒரு பள்ளிக்குக் கட்டண வசூல் சாஃப்ட்வேர் கொடுத்தோம். தினமும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ‘இன்னும் முழுசா முடியலையே’ என்று கடைசி 30 சதவீதத்தைத் தர மறுக்கிறார் தாளாளர்.
*அண்ணா நகர் வாசகர்*

‘முடிந்தது’ என்றால் என்ன என்று தொடக்கத்தில் எழுதவில்லை, அதுதான் வினை. இப்போதும் எழுதலாம். ஒப்பந்தத்தில் உள்ள ஒவ்வொரு வசதிக்கும் ஒரு சோதனை வரி எழுதுங்கள். ‘மாணவர் இரண்டு தவணையாகக் கட்டுகிறார், ஒன்றை ரத்து செய்கிறோம், ரத்தான ரசீது எண் வேறு யாருக்கும் போகக் கூடாது, பாக்கி சரியாகக் காட்ட வேண்டும்’ என்பதுபோல. தினமும் ரசீது போடும் கணக்காளர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டி டிக் வாங்குங்கள். வரும் குறைகளை மூன்றாகப் பிரியுங்கள்: நம் பிழை, கேட்கப்படாத புது வசதி, பயன்படுத்தத் தெரியாதது. முதலாவதை உடனே இலவசமாகச் சரி செய்யுங்கள். இரண்டாவதற்கு மாற்றச் சீட்டு. மூன்றாவதற்கு அரை நாள் பயிற்சி. அந்தத் தாளில் கணக்காளரும் தாளாளரும் கையெழுத்து போட்ட பிறகு பணத்தைக் கேளுங்கள்.

சிஸ்டத்தைப் பூட்டிவிடுவேன் என்று மிரட்டாதீர்கள். உங்கள் உரிமை வேறு இடத்தில் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியராக இல்லாமல் வெளியாளாக எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேரின் உரிமை, எழுத்தில் மாற்றித் தராதவரை எழுதியவருக்கே. மாற்றித் தரும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். பள்ளிக்கு சோர்ஸ் கோடும் (நீங்கள் எழுதிய மூல நிரல்) உரிமையும் வேண்டுமானால், கடைசித் தவணையோடு எழுதிக் கொடுக்கலாம். அடுத்த ஒப்பந்தத்தில் இறுதித் தவணையை 10 சதவீதமாகக் குறைத்து, ‘ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும்’ என்ற வரியையும் சேருங்கள்.

பணம் வந்த அன்றே செய்ய வேண்டியவையும் உண்டு. டொமைனும் சர்வரும் பள்ளியின் பெயரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பாஸ்வேர்டுகளை அவர்களையே மாற்றச் சொல்லுங்கள். சோதனைக்காக உங்கள் லேப்டாப்புகளில் ஏற்றிய மாணவர் விவரங்களை அழித்துவிட்டு, அழித்ததாக ஒரு கடிதம் கொடுங்கள்.